பினாங்கில் எட்டு மணி நேரம்

பினாங்குத் துறைமுகம்,
கப்பலிலிருந்து.

அன்புள்ள அத்தைக்கு,

மலர் எழுதுவது. போனில் சொன்னால் "சரிம்மா, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

சிங்கப்பூரில் ஏறி, கிள்ளானில் ஒரு பகல் நின்று, இன்று காலை எட்டு மணிக்கு இங்கே இறங்கினோம். தாத்தாவின் ரஜூலா கப்பல் வந்த வழிதான், தலைகீழாக. அவர் நாகப்பட்டினத்தில் ஏறி ஒரு வாரம் டெக்கில் பாய் விரித்துக் கிடந்தார். வந்த பிறகும் ஊருக்குள் விடாமல் ஜெரஜாக் தீவில் அடைத்துவைத்து நோய் நொடி பார்த்தார்கள் என்பாரே! நான் ஒரு அட்டையை நீட்டினேன், 'பீப்' என்றது, வெளியே வந்துவிட்டேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

கப்பலில் வந்தவர்களில் பாதிப்பேர் பஸ் ஏறிப் பினாங்கு மலைக்குப் போனார்கள். நான் நடந்தேன். மணிக்கூண்டைத் தாண்டிப் பத்து நிமிடத்தில் மல்லிகை வாசனை. குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833இல் கட்டியது. அர்ச்சனைச் சீட்டு வாங்கி உங்கள் பேரையும் சொன்னேன். வெளியே வந்தால் செருப்பு வார் அறுந்து கிடந்தது. புது ரப்பர் செருப்பு வாங்கிய கடையில் அந்த அம்மா, "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?" என்றார். திருவாரூர்ப் பக்கம் என்றதும் ஐந்து ரிங்கிட் குறைத்தார்.

அத்தை, நான் சொல்ல வந்தது இதுதான். சூலியா தெரு முனையில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது! நாகூர்க் கந்தூரிக்கு நீங்கள் என்னைத் தோளில் தூக்கிப்போய்க் காட்டினீர்களே, அந்த மினாராக்கள்தான். ஆனால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம் கரையிலிருந்து வந்த மரைக்காயர்கள் நாகூர் எஜமானை விட்டுவர மனமில்லாமல் கட்டியது போலிருக்கிறது. தாத்தா கப்பலேறும் முன் நாகூரில் நேர்ந்துகொண்டாராம். இங்கே இறங்கியதும் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மத்தியானம் நாசி கண்டார். 'கண்டார்' என்றால் தோளில் சுமக்கும் கம்பு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் அதன் ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்புமாகத் துறைமுகக் கூலிகளுக்கு விற்றிருக்கிறார்கள். "பஞ்சிர்" என்றேன், வெள்ளம் என்று அர்த்தம். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, தால்ச்சா எல்லாவற்றையும் கடைக்காரர் ஒரே தட்டில் ஊற்றிவிட்டார். உங்கள் கை மணம் இல்லை, ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

தாத்தா கணக்கு எழுதிய துணிக்கடையைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைத்தெரு என்பாரே, அது லெபோ பசார். இரண்டு தடவை முழுக்க நடந்தேன். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி என்பதால் பழைய கட்டடங்களை இடிக்கவில்லை. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி ஐந்தடி நடைபாதை, மேலே மரச் சன்னல். எது நம்முடையது? நாலு மணிக்குத் திரும்பிவிட்டேன்.

பரணில் இருக்கும் தகரப் பெட்டியை முருகேசனை விட்டு இறக்கச் சொல்லுங்கள். பழைய கடித உறைகளின் பின்பக்கம் அனுப்புநர் முகவரியில் கதவு எண் இருக்கும். தைப்பூசத்துக்கு மறுபடி இங்கே வருகிறேன், அதற்குள் பார்த்து வையுங்கள். கறையான் அரிக்கும் முன்.

அன்புடன்,
மலர்