சர்க்கரையும் சஞ்சலமும்

சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேச்சு எழாத வீடு இன்று தமிழ் நாட்டில் உண்டா என்பது சந்தேகமே. கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாறுகிறவர், "தங்களுக்கு உண்டா?" என்று கேட்டுக்கொண்டுதான் கரண்டியைச் சாய்க்கிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரும் ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. அதன்படி நமது தேசத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் இவ்வியாதிக்கு ஆளாகியிருக்கிறார்கள். ஆகவே, எதைத் தின்னலாம், எதைத் தள்ளலாம் என்ற விஷயத்தில் நாம் எல்லோருமே அரை வைத்தியர்களாகிவிட்டோம். ஆனால், வியாதியஸ்தரின் மனம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும் வழக்கம் மட்டும் இன்னும் நம் இல்லங்களுக்குள் வந்து சேரவில்லை. அது எவ்வளவு முக்கியமான விசாரணை என்பதை என் தமக்கையின் விஷயத்தில் நான் கண்ணாரக் கண்டேன்.

அக்காளின் வீடு திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குச் சற்று அப்பால் ஒரு சிறு தெருவில் இருக்கிறது. அத்தான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், மகரிஷி வாழ்ந்த இடத்துக்கு அருகிலேயே மீதி நாட்களைக் கழிக்க வேண்டும் என்று விரும்பி அங்கே குடியேறினார். காலையில் வேத பாராயணம், மாலையில் ஆசிரமத்து மயில்களின் கூவல், எந்நேரமும் ஜன்னலில் அருணாசலம் என்று அவர்கள் வாழ்க்கை அமைதியாகவே நடந்தது. அக்காளுக்குப் பதினான்கு வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஆனால் அவள் அதை ஒரு நல்ல குமாஸ்தா கணக்கை வைத்திருப்பது போல ஒழுங்காக வைத்திருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஹெச்.பி.ஏ.ஒன்.சி. பரிசோதனையில் எண் ஏழைத் தாண்டுவது அபூர்வம்.

கார்த்திகைத் தீபம் முடிந்த சில நாட்களில் அத்தான் காலமானார். எட்டு மாதம் கழித்து நான் அங்கே போய்ச் சில வாரம் தங்கியபோது, அந்த எண் பத்துக்கு மேலே ஏறியிருந்தது.

இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், அதில் ஒரு பங்கு சிவப்பு அணுக்களிலுள்ள ஹீமோகுளோபினுடன் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பு அணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஆகையால் இந்தப் பரிசோதனை நேற்றுச் சாப்பிட்டதை மட்டும் காட்டுவதன்று. சென்ற இரண்டு மூன்று மாத வாழ்க்கையையே காட்டிவிடும். அக்காளின் இரத்தம் அவளுடைய துக்கத்தின் நாட்குறிப்பாகவே ஆகியிருந்தது. ஆனால் அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. அவள் வழக்கமாகப் போய்வந்த வைத்தியர் மாத்திரையைக் கூட்டினார். பின்னர் இன்ஸுலினும் சேர்த்தார். "மாம்பழமா, மைசூர்ப்பாகா? எது உள்ளே போகிறது?" என்று கடிந்தும் கொண்டார். அக்காள் பதில் பேசாமல் வீடு திரும்பினாள்.

மாம்பழமும் இல்லை, மைசூர்ப்பாகும் இல்லை. உண்மையில் அவள் சரியாக உண்ணவே இல்லை. ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவானேன் என்று நாலு பிஸ்கோத்தும் காப்பியுமாகப் பகலைத் தள்ளினாள். இரவு மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பாள். மாத்திரை டப்பாவில் செவ்வாய்க்கிழமை அறையும் வியாழக்கிழமை அறையும் திறக்கப்படாமலே கிடந்தன. ஒருநாள் மாலை ஊசி போட்டுக்கொண்டு சாப்பாட்டை மறந்துவிட்டாள். வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியதைக் கண்டு, சட்டென்று மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்தாள். தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "எதற்காகத் தம்பி இவ்வளவு பதறுகிறாய்? இருந்து என்ன ஆகப் போகிறது?" என்பதுதான்.

இந்த நிலையை அக்கம்பக்கத்தார் என்னவென்று நினைத்தார்கள் தெரியுமா? "உங்கள் தமக்கைக்கு நல்ல வைராக்கியம் வந்துவிட்டது!" என்று என்னிடமே பாராட்டினார்கள். அண்ணாமலையில் இந்த மயக்கத்துக்கு இடம் அதிகம். அற்ப ஆகாரம், தனிமை, மௌனம், உலகப் பற்றின்மை எல்லாம் அங்கே மரியாதைக்குரிய லட்சணங்கள். ஆனால் மௌனம் வேறு, மந்தம் வேறு. பற்றை விட்டவன் முகத்தில் தெளிவு இருக்கும். அக்காளின் முகத்திலோ சாம்பல் பூத்திருந்தது. ஆசிரமத்துக்குப் போவதையே அவள் நிறுத்திவிட்டாள். வாசற்கோலம் நாலு புள்ளியாகச் சுருங்கி, பின்னர் அதுவும் இல்லாமற் போயிற்று. இதை வைராக்கியம் என்று எந்தச் சாஸ்திரம் சொல்லும்?

கடைசியில் வேறொரு பெண் டாக்டரிடம் அவளை அழைத்துச் சென்றேன். அந்த அம்மாள் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கீழே வைத்துவிட்டு ஒன்பது கேள்விகள் கேட்டார். சென்ற இரண்டு வாரமாக எதிலாவது ஆவல் உண்டா, தூக்கம் எப்படி, பசி எப்படி, தம்மால் பிறருக்குப் பாரம் என்ற நினைப்பு உண்டா என்று வரிசையாகப் போயிற்று. கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. அக்காள் வெகுநேரம் புடைவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சில நாள் தோன்றுகிறது" என்றாள். இன்ஸுலின் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் ஒரு ஸ்திரீயின் வாயிலிருந்து வந்த அந்த மூன்று வார்த்தைகள் என்னை நடுங்க வைத்தன. ஆனால் டாக்டர் பதறவில்லை. "அம்மா, இது தங்கள் குற்றமல்ல; பக்திக் குறைவும் அல்ல. மனச்சோர்வு என்ற வியாதி. சர்க்கரைக்குப் போலவே இதற்கும் மருந்து உண்டு" என்றார்.

துயரத்துக்கும் இனிப்பு நீருக்கும் சம்பந்தம் உண்டென்ற எண்ணம் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கில வைத்தியர் தாமஸ் வில்லிஸ், நீண்ட சோகம் இந்நோயைக் கொண்டுவரும் என்று எழுதினார். இன்றைய விஞ்ஞானம் அந்த வழியை இரு புறமும் திறந்து காட்டுகிறது. மனம் ஓயாமல் வருந்தும்போது கார்ட்டிஸால், அட்ரினலின் முதலிய சுரப்புகள் மிகுகின்றன. அவை ஈரலில் சேமித்த சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிவிடுவதோடு, இன்ஸுலினின் வேலையையும் மந்தப்படுத்துகின்றன. சோர்ந்தவன் மருந்தை மறக்கிறான், நடையை நிறுத்துகிறான், தூக்கம் கெடுகிறான். எதிர்ப்புறமாக, தினந்தோறும் குத்திப் பார்ப்பதும் கணக்குப் பார்ப்பதும், கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன வருமோ என்ற பயமும் மனத்தை அரிக்கின்றன. சர்க்கரை வியாதியஸ்தருக்கு மனச்சோர்வு வருவது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று பல தேசத்து ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

இதில் நமது தேசம் பெருமை கொள்ளவும் ஒரு காரணம் உண்டு. சென்னை, பெங்களூர், விசாகப்பட்டினம், டில்லி ஆகிய நகரங்களில் நான்கு வைத்திய நிலையங்களில், சர்க்கரை அடங்காமலும் மனச்சோர்வோடும் இருந்த 404 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு பகுதியாருக்கு வழக்கமான வைத்தியம். மற்றொரு பகுதியாரிடம் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் ஓராண்டு காலம் அடிக்கடி பேசி, மனத்தையும் மருந்தையும் விசாரித்து வந்தார். சர்க்கரை வைத்தியரும் மனநல வைத்தியரும் கலந்து யோசித்தார்கள். முடிவு 2020-இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. இரண்டு ஆண்டின் இறுதியில், சோர்வின் அறிகுறிகள் பாதியாகக் குறைந்து, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு என்ற மூன்றில் ஒன்றேனும் சீர்பட்டவர்கள் இந்தப் பகுதியில் நூற்றுக்கு 71-க்கு மேல். வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் நூற்றுக்கு 57. வியாதியஸ்தரிடம் ஒழுங்காக ஒருவர் பேசுவதும், இரு வைத்தியர்கள் சேர்ந்து யோசிப்பதும் எவ்வளவு செய்துவிட்டன, பாருங்கள்! மனத்துக்கு மட்டும் மருந்து கொடுத்தால் சர்க்கரை தானே இறங்கிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கவனிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

"பகவான் சந்நிதியில் இருந்துகொண்டு மனசுக்கு மாத்திரையா?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். 1949-ஆம் ஆண்டில் மகரிஷியின் இடது கரத்தில் தோன்றிய கட்டிக்கு டாக்டர்கள் நான்கு முறை சஸ்திர சிகிச்சை செய்தார்கள் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். தேகத்தைத் தாம் அல்ல என்று உணர்ந்தவரே வைத்தியர்களைத் தடுக்கவில்லை. தேகமும் மனமுமாகத் தவிக்கும் நாம் தடுப்பது என்ன நியாயம்?

இன்னொரு விஷயமும் அந்த ஊரைச் சேர்ந்ததே. சிறிது தெளிந்தவுடன் அக்காள், வெறுங்காலோடு பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டாள். நடை சர்க்கரைக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. ஆனால் பல வருஷச் சர்க்கரையினால் பாதத்தின் நரம்புகள் மரத்திருந்தால், வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை சுடுவது தெரியாது; முள் தைத்ததும் தெரியாது. சோர்ந்தவர்கள் புண்ணைப் பார்ப்பதும் இல்லை, காட்டுவதும் இல்லை. காலையே இழக்கும் கதைகள் இப்படித்தான் ஆரம்பமாகின்றன. டாக்டர் அக்காளின் பாதத்தைச் சோதித்துவிட்டு, "மிருதுவான பாதரட்சையோடு, சூரியோதயத்துக்கு முன், முடிந்த தூரம்" என்று உத்தரவு கொடுத்தார். "அருணாசலேசுவரர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்றாள் அக்காள். "கண்ணப்பர் செருப்புக் காலையே அவர் மேல் வைத்தாரே அம்மா!" என்றார் டாக்டர். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அக்காள் சிரிக்கக் கண்டேன்.

இல்லந்தோறும் உள்ள சகோதர சகோதரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். காரணமின்றிச் சர்க்கரை ஏறினால், அலமாரியில் இனிப்பைத் தேடுமுன் முகத்தைப் பாருங்கள். தூக்கம் உண்டா, எதிலாவது ஆவல் உண்டா என்று கேளுங்கள். விடை சரியாக இல்லையேல் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் தனியே விடாதீர்கள். 2022-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய டெலிமானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. 2021-இல் நம் மாகாணத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். வருகிறவர்கள் கூடவே இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டுப் போனால், எத்தனையோ இல்லங்களில் விளக்கு அணையாமல் இருக்கும்.

அக்காளின் எண் இப்பொழுது எட்டுக்குக் கீழே வந்திருக்கிறது. ஏழுக்கு இன்னும் வரவில்லை, வர நாளாகும். அத்தானின் படத்துக்கு முன்னால் சில நாள் இன்னமும் அழுகிறாள். அழட்டும், அது துக்கம், வியாதியல்ல. சென்ற மாதம் நான் போயிருந்தபோது சாம்பாரில் உப்பு அதிகம் என்றேன். "உனக்கு நாக்கு நீளம்!" என்று என்னோடு அரைமணி நேரம் சண்டை பிடித்தாள். அதைக் கேட்க எனக்கு வெகு ஆனந்தமாயிருந்தது.