மூணு மலை, ரெண்டு சைக்கிள்!

செஞ்சின்னு சொன்னதும் உங்களுக்குக் கோட்டைதான் ஞாபகம் வரும். 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததும் வர்ற கூட்டம் இன்னும் எகிறிடுச்சு. மராட்டியர் கோட்டைகள்னு சேர்த்த 12-ல தமிழ்நாட்டுக்கு இது ஒண்ணுதான். காலர் தூக்கிக்கலாம், தப்பில்லை! ஆனா, டிக்கெட் எடுத்து ராஜகிரி ஏறி, செல்ஃபி எடுத்து, பஸ் பிடிச்சுப் போயிடறீங்களே... கோட்டைக்குப் பின்னால இருக்கிற செஞ்சியை யாருங்க பார்க்கிறது?

அது ஒரு முள்ளுக்காடு பாஸ். மலைன்னா பச்சைப் பசேல்னு நினைச்சுக்காதீங்க. வீடு சைஸுக்கு உருண்டைப் பாறைங்க, ஒண்ணு மேல ஒண்ணா. யாரோ ராட்சசன் கோலிகுண்டு ஆடிட்டுப் பாதியில எழுந்து போன மாதிரி! கருங்கல்லுல விழுந்த விரிசல் வழியா தண்ணி இறங்கி, மூலை முனையெல்லாம் முதல்ல கரைஞ்சு, நடுக்கல் மட்டும் உருண்டையா நின்னுடுச்சு. இந்தப் பாறைங்களை நம்பித்தான் 1690-லேர்ந்து 1698 வரைக்கும் முகலாயப் படையை இந்த ஊர் வெளியவே நிறுத்தி வெச்சிருந்துச்சு. அவ்வளவு பெரிய படைக்கே அந்த கதின்னா, ரெண்டு பொண்ணுங்களோட சைக்கிளுக்கு?

ஆமா, ரெண்டு பேர். நானும் என் பக்கத்துத் தெரு தோழியும். அவ பேரு வேணாம், வீட்ல படிச்சா வம்பு. பிளஸ் ஒன்ல ரெண்டு பேருக்கும் அரசாங்கம் சைக்கிள் கொடுத்துச்சு. என்னோடது தம்பிக்குப் போயிடுச்சு, நான் டியூஷன் எடுத்த காசுல செகண்ட் ஹேண்ட்ல ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். அவ பிளஸ் டூவோட நின்னுட்டா. அவ சைக்கிள்ல இப்ப பால் கேன் தொங்குது. காலைப் பால் சொசைட்டிக்குப் போய்த் திரும்பின பிறகுதான் சைக்கிள் ஃப்ரீ. சாயங்காலக் கறவைக்குள்ள வீட்ல நிக்கணும். அதனால எங்க ட்ரிப் ஏழரைக்கு மேலதான். வெயில்ல ஏன் போறீங்கன்னு கேட்கறவங்களுக்கு இதான் பதில்.

அவங்க அம்மாகிட்ட பர்மிஷன் வாங்கினது எங்க அம்மா. எங்க அம்மாவுக்குப் பொறந்த ஊரு புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்போ அங்க ஒரு லட்சத்துக்கும் மேல பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அந்தக் கூட்டத்துல பாவாடை சட்டையோட விழுந்து எழுந்தவங்கதான் எங்க அம்மா. "முழங்கால் தழும்பைக் காட்டட்டுமாக்கா?"ன்னு கேட்டாங்க. அவங்க சிரிச்சுட்டாங்க. சிரிச்சா சம்மதம்தானே?

ரூட் சிம்பிள். செஞ்சியிலேர்ந்து வடக்கே சிங்கவரம், அப்புறம் மேலச்சேரி, கடைசியில திருவண்ணாமலை ரோட்டைப் பிடிச்சு வீடு. இருபது கிலோமீட்டர் தாண்டாது. போற வழியில திருநாதர்குன்று. பாறையில 24 தீர்த்தங்கரர்களும் வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. பக்கத்துல ஒரு கல்வெட்டு: சந்திரநந்தி ஆசிரியர்ங்கிற சமண முனிவர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்டதைச் சொல்லுது. அதைப் படிச்சுட்டு டிபன் பாக்ஸைத் திறக்கக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு. திறந்தோம்.

தார் ரோடு முடிஞ்ச இடத்துலதான் ஆட்டம் ஆரம்பம். மாட்டு வண்டித் தடம், நடுவுல மணல், ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம். மணல்ல டயர் புதையுது, காத்தைக் கொஞ்சம் இறக்கினா மிதந்து போகுது. ஆனா, காத்து இறங்கின டயரைப் பார்த்தா முள்ளுக்கு ஒரே குஷி! ரெண்டு பஞ்சர். மேடு வந்ததும் இன்ஜினீயரிங் மூளை முழிச்சுக்கிச்சு, பல் எண்ணினேன். அவ சைக்கிள் முன்னாடி 44, பின்னாடி 18. பெடல் ஒரு சுத்து சுத்தினா 5 மீட்டர் போகணும். என்னோட சின்ன கியர் முன்னாடி 24, பின்னாடி 28. ஒரு சுத்துக்கு 1.8 மீட்டர்தான். அதாவது அதே மேட்டுக்கு அவ கால் கிட்டத்தட்ட மூணு மடங்கு அழுத்தணும்!

அவ இறங்கவே இல்லீங்க. சீட்டை விட்டு எழுந்து நின்னு, ஹேண்டில்பாரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறினா. பின்னால கேன் மாட்டுற கொக்கி டங்கு டங்குன்னு அடிச்சுக்கிட்டே போச்சு. நான் சின்ன கியர்ல உருட்டிக்கிட்டு அந்தச் சத்தத்தைப் பின்தொடர்ந்தேன். மேல போனதும் கேட்டேன், "எப்படிடி?" "நாப்பது லிட்டரோட ஓட்டறவளுக்கு இது வெறும் சைக்கிள்தானே!"

அங்கேயே அவ இன்னொண்ணும் சொன்னா. கரஸ்ல பி.காம் சேரணுமாம். ஃபீஸுக்குப் பால் காசுல தனியா எடுத்து வெச்சிருக்காளாம். வீட்ல இன்னும் சொல்லலை.

இறக்கத்துல சைக்கிளை மாத்திக்கிட்டோம். அவ கியரை மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டே பறந்தா. நான் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு முருகா முருகான்னு வந்தேன். மெயின் ரோட்டுல ஒரு பக்கம் ராஜகிரி, ஒரு பக்கம் கிருஷ்ணகிரி. டூரிஸ்ட் வேன்கள் வரிசை கட்டி நின்னுச்சு. மணி ஒண்ணேகால். கறவைக்கு இன்னும் நேரமிருந்துச்சு, ஆளுக்கொரு நுங்கு சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்கம் மலைப் பக்கம். அதுக்குள்ள அவ வீட்ல பேசறதா சொல்லியிருக்கா. எங்க அம்மாவும் கூட வர்றாங்களாம். பேசறதுக்கா, சைக்கிள் ஓட்டறதுக்கான்னு கேட்டேன். ரெண்டுக்கும்தானாம்!