வெஸ்டர்போர்க்கின் பெயர்கள்

யூதர்களின் கதையை இன்னும் எவ்வளவு காலத்துக்குத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று எங்கள் ஆட்கள் சிலர் கேட்பதுண்டு. காசா யுத்தத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் சூடாக வருகிறது. அந்தக் கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் 1943ல் ரயிலில் ஏற்றப்பட்ட ஒரு கிழவியின் நினைவு எந்த அரசாங்கத்தின் சொத்தும் இல்லை. அது அனுபவித்தவர்களுக்குச் சொந்தமானது. ஒரு அரசின் மேல் உள்ள கோபத்தில் அதைத் தூக்கி எறிய எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

நான் வாழ்கிற நெதர்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யுத்தத்துக்கு முன் இங்கே சுமார் 140,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் 107,000 பேர் வரை நாடுகடத்தப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் ஏறக்குறைய 5,000 பேர்தான். அநேகமானோர் போன வழி வெஸ்டர்போர்க். வடகிழக்கில், ட்ரென்த மாகாணத்தில், ஊர்களை விட்டு விலகிக் கிடக்கிற ஒரு வெளி.

டச்சு மொழி படித்த காலத்தில் எங்கள் வகுப்பை ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லோரும் அகதிகள்தான். நாசிகள் கட்டிய முகாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனோம். கட்டியது டச்சு அரசாங்கம்! 1939ல், ஹிட்லரிடமிருந்து தப்பி ஜேர்மனியிலிருந்து ஓடிவந்த யூத அகதிகளுக்காக. முதலில் வேறு இடம் பார்த்திருக்கிறார்கள். அது அரண்மனைக்குக் கிட்ட இருக்கிறது என்று ராணியின் தரப்பிலிருந்து ஆட்சேபம் வர, இந்தக் கண்காணாத இடத்துக்கு மாற்றினார்கள். செலவையும் இங்கிருந்த யூத சமூகத்தின் தலையிலேயே கட்டினார்கள். அகதி முகாம் எங்கள் ஊரில் வேண்டாம் என்ற சண்டையை இன்றைக்கும் இங்கே பார்க்கிறோம். அதனால் இந்தப் பகுதி எங்கள் ஒருவருக்கும் புதிதாக இருக்கவில்லை.

1942 ஜூலையில் ஜேர்மனியர் முகாமைத் தங்கள் கையில் எடுத்தார்கள். அதன்பின் 93 ரயில்கள் புறப்பட்டன. 1943ல் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில். அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு வேலி ஏற்கனவே தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

இனி, இதெல்லாம் எப்படி எங்களுக்குத் தெரியவந்தது என்று பாருங்கள்.

1944 மார்ச் 28ம் திகதி, லண்டனிலிருந்து ஒலிபரப்பான ஒரான்ய வானொலியில் அமைச்சர் போல்கஸ்டைன் பேசினார். யுத்தம் முடிந்ததும் சாதாரண சனங்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் சேகரிக்கப்படும், பத்திரமாக வைத்திருங்கள் என்பதே பேச்சின் சாரம். ஒளிந்திருந்த அறையில் அதைக் கேட்ட ஆன் ஃபிராங்க், தன் நாட்குறிப்பைத் திருத்தி எழுதத் தொடங்கினாள். அவளுடைய குடும்பம் பிடிபட்ட பிறகு தாள்களைப் பொறுக்கி வைத்தவர், அவர்களுக்கு உதவி செய்துவந்த மீப் கீஸ். எற்றி ஹில்லெசும் என்ற இளம்பெண் 1943 செப்டம்பரில் ஓடும் ரயிலிலிருந்து ஒரு தபாலட்டையை வெளியே எறிந்தார். யாரோ கமக்காரர்கள் அதைக் கண்டெடுத்துத் தபாலில் சேர்த்தார்கள். அவருடைய நாட்குறிப்புகள் அச்சில் வந்ததோ 1981ல்தான்.

முகாமுக்குள் 1944ல் எடுத்த ஒரு திரைப்படமும் உண்டு. எடுத்தவர் ருடோல்ஃப் பிரெஸ்லவர் என்ற யூதக் கைதி. ரயில் கதவிடுக்கில் தலையில் துணி கட்டிய ஒரு சிறுமி எட்டிப் பார்ப்பாள். பல வருடங்களாக அவளைப் பெயர் தெரியாத யூதச் சிறுமி என்றுதான் உலகம் சொல்லிவந்தது. 1994ல் ஒரு பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்தார். அவள் சிந்தி இனத்துப் பிள்ளை, பெயர் செற்றெலா ஸ்ரைன்பாக். ஐம்பது வருடம் கழித்து ஒரு பிள்ளைக்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்தது. பதிவும், அதோடு பேச உயிரோடு ஆட்களும் இருந்ததால்தான் அது முடிந்தது.

திரும்பி வந்த 5,000 பேரின் கதையை யார் கேட்டார்கள்? அநேகமாக ஒருவரும் இல்லை. எல்லோரும்தான் பசி கிடந்தோம் என்று வாயை அடைத்தார்கள். அம்ஸ்டர்டாம் மாநகரசபையோ, அவர்கள் முகாமில் கிடந்த காலத்துக்கும் சேர்த்து நிலக்குத்தகைக் காசும் தண்டமும் கேட்டுக் கடிதம் அனுப்பியது. இது 2013ல்தான் பத்திரிகையில் வந்தது. பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் இருந்த ஒரு மாணவி அந்தக் கடிதங்களைக் கண்டாள். 2016ல் நகரசபை 10 மில்லியன் யூரோ ஒதுக்கியது. கோப்பு கிடந்தது, நீதி பிந்தியாவது வந்தது.

முகாமும் கிட்டத்தட்ட அழிந்தே போனது. கொட்டில்களைக் கமக்காரருக்கு விற்றார்கள். 1970ல்தான் நினைவுச் சின்னம் வந்தது: நுனி மேலே வளைந்த தண்டவாளம். பிறகு 1992ல் திரும்பாத 102,000 பேருக்கும் ஆளுக்கொரு கல் வைத்தார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை அத்தனை பெயரையும் இரவு பகலாக, நாட்கணக்கில் உரத்து வாசிக்கிறார்கள். குடும்பமே மிஞ்சாத ஆளின் பெயரையும் யாரோ ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதற்காக.

1994ல் ஸ்ரீவன் ஸ்பீல்பெர்க் தொடங்கிய அமைப்பு 50,000க்கும் மேற்பட்டவர்களை ஒளிப்பதிவு செய்தது. எனக்கு அதில் பிடித்தது அவர்கள் கேட்ட முறை. முகாமைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. பிறந்த வீடு, பள்ளிக்கூடம், தெரு, யுத்தத்துக்குப் பின்னான வாழ்க்கை எல்லாம் கேட்டார்கள். செத்த விதத்தை மட்டும் பதிந்தால் அந்த ஆள் சாவோடு நின்றுவிடுவார். இன்று உயிரோடிருக்கிறவர்களில் அநேகர் அப்போது குழந்தைகள். இன்னும் கொஞ்சக் காலத்தில் இந்தப் பதிவுகள்தான் பேசும்.

எங்கள் வீடுகளிலும் ஊரைக் கண்ணால் கண்ட அப்பம்மா, அம்மப்பா இருக்கிறார்கள். ஸ்பீல்பெர்க் வரமாட்டார். கையில் இருக்கிற ஃபோன் போதும். முதலில் சண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள். கிணற்றடியைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள். திகதி பிழைத்தால் இடையில் மறித்துத் திருத்த வேண்டாம். பேசாமல் இருந்தால் அந்த மௌனமும் பதியட்டும், ஃபோனை நிறுத்தாதீர்கள். பழைய படங்களின் பின்பக்கத்தில் யார் யார் என்று பென்சிலால் பெயர் எழுதி வையுங்கள். அந்த முகங்களைத் தெரிந்தவர் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.