பேய்க்கணவாயின் தலைநகர்

போர்ச்சுகலின் சாண்டா லூசியாவுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் நேரே உணவகத்துக்குள் நுழையக் கூடாது என்பது என் கட்சி. முதலில் படகுத்துறைக்குப் போங்கள். அங்கே கயிறும் மிதவையுமாகப் பானைகள் குவிந்து கிடக்கும். கலயத்தைவிடக் கொஞ்சம் நீளம், அகன்ற வாய், கழுத்தில் கயிறு கட்ட ஒரு பள்ளம், அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளிப்புறம் முழுக்கக் கொட்டலசு அப்பிக்கொண்டு சொரசொரவென்று இருந்தது. உட்புறம் மட்டும் வழவழப்பு. யாரோ குடியிருந்த வீடு என்பது தொட்டதும் தெரிந்துவிட்டது.

குடியிருந்தது ஆக்டோபஸ். நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்கள், போர்ச்சுகீசியர்கள் போல்வு என்பார்கள். எலும்பும் ஓடும் இல்லாத உடம்பு அதற்கு. ஒளிந்துகொள்ள ஒரு பொந்து கிடைத்தால்தான் உயிர் தப்பும். அதைத் தெரிந்துகொண்டு செய்த பொறிதான் இந்தப் பானை. நீளமான ஒரு கயிற்றில் வரிசையாகப் பானைகளைக் கட்டிக் கடலின் அடியில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். இரை எதுவும் வைப்பதில்லை. காலிப் பானையைக் கண்ட பேய்க்கணவாய் தானாக வந்து குடியேறிவிடும். சில நாள் கழித்துக் கயிற்றை இழுக்கும்போதுகூட ஓடிப்போகாமல் பானையைப் பற்றிக்கொண்டு மேலே வரும். பானைக்கு அல்கத்ரூஸ் என்று பெயர். நீர்ச்சக்கரத்தில் கட்டித் தண்ணீர் மொள்ளும் கலத்துக்கு அரபியர் வைத்த சொல் அது. போர்ச்சுகலின் தென்கோடியில் இருக்கும் இந்த அல்கார்வ் பகுதியை அவர்கள் சுமார் ஐந்நூறு ஆண்டுகள் ஆண்டார்கள். அல்கார்வ் என்ற பெயரே ‘மேற்கு’ என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இப்போது மண்பானை குறைந்துவிட்டது. உடையாத பிளாஸ்டிக் பானைகள் வந்துவிட்டன. இரை வைத்துப் பிடிக்கும் கம்பிக்கூண்டுகளும் வந்துவிட்டன. எனக்கு இதில் வருத்தம்தான். இரை வைத்த கூண்டு பசித்து வருகிறதைப் பிடிக்கிறது, மண்பானை வீடு தேடி வருகிறதைப் பிடிக்கிறது. அந்தப் பொறுமையும் இந்த ஊர்ச் சமையலும் ஒரே குணம் என்று நான் நினைக்கிறேன்.

ஊர் மிகச் சிறியது. தாவிரா நகரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும், சைக்கிளில் போய்விடலாம். நீரோரமாக ஒரு நீண்ட தெரு, அதற்குப் பின்னால் சுண்ணாம்பு வெள்ளையில் தாழ்வான வீடுகள், ஒரு சின்னத் தேவாலயம். எதிரே இருப்பது திறந்த கடல் அல்ல, ரியா ஃபோர்மோசா என்ற காயல். அறுபது கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் தீவுகள் வரிசையாக நின்று அலையைத் தடுக்க, உள்ளே நீர் அமைதியாகக் கிடக்கிறது. 1987இல் இதை இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். நீர் வற்றும் நேரத்தில் படகுகள் சேற்றில் சாய்ந்து நிற்கும், ஆட்கள் குனிந்து மட்டி கிண்டிக்கொண்டிருப்பார்கள். நீர் ஏறும்போது தெருவும் உயிர் பெறும்.

நீரோரத் தெருவில்தான் உணவகங்கள் எல்லாம் இருக்கின்றன. ‘காசா டு போல்வு’ என்றால் பேய்க்கணவாயின் வீடு என்று பொருள். ‘போல்வு இ கம்பானியா’ என்றால் பேய்க்கணவாயும் கூட்டாளிகளும். பெயரிலேயே என்ன கிடைக்கும் என்று தெரிந்துவிடும். போர்ச்சுகீசியர்களே இந்த ஊரைப் பேய்க்கணவாயின் தலைநகர் என்று சொல்கிறார்கள். கோடையில் இடம் கிடைப்பது கடினம், முன்னாலேயே சொல்லி வைப்பது நல்லது.

உள்ளே போய் “மேசா” என்று கேட்டால் மேஜையைக் காட்டுவார்கள். ஜன்னல் அவர்களுக்கும் ‘ஜனேலா’தான், சாவி ‘ஷாவ்’. நம் வீட்டுக்குள் நானூறு வருஷத்துக்கு மேலாகப் புழங்கும் சொற்களை அவற்றின் சொந்த ஊரில், மீன் வாசனைக்கு நடுவே கேட்டபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ் காய், பூண்டும் காடியும் சீரகமும் சேர்த்து ஊறவைத்த கேரட் எல்லாம் கேட்காமலே வரும். இது இலவசம் இல்லை. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடலாம், பணம் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கேரட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

பேய்க்கணவாயைப் பதமாக வேகவைப்பதில் அரைக்கால் தவறினால் ரப்பர். பழைய காலத்தில் கல்லில் அடித்து அடித்து மென்மையாக்குவார்கள். இப்போது உறைய வைத்து எடுக்கிறார்கள், உள்ளிருக்கும் நீர் பனியாகித் தசைநார்களைப் பிளந்துவிடுகிறது. அடுத்தது ‘பயமுறுத்துவது’. கொதிக்கும் நீரில் மூன்று முறை முக்கி எடுத்தால் கைகள் பூப்போலச் சுருண்டுகொள்ளும், தோல் உரியாது. பிறகு உப்புப் போடாமல், ஒரு முழு வெங்காயத்தை மட்டும் போட்டு வேகவிடுவார்கள். வெங்காயம் வெந்தால் கணவாயும் வெந்தது என்று கணக்கு.

அப்படி வெந்ததை அடுப்பில் வாட்டி, ஆலிவ் எண்ணெயும் பூண்டும் தாராளமாக ஊற்றினால் ‘போல்வு ஆ லகரேய்ரு’. லகரேய்ரு என்பவர் ஆலிவ் செக்குக்காரர். எண்ணெய்க்குப் பஞ்சமில்லாத வீட்டுச் சமையல் என்று அர்த்தம். கூடவே தோலோடு சுட்டு, கையால் ஒரு குத்துக் குத்திப் பிளந்த உருளைக்கிழங்கு வரும். பெரும்பாலானவர்கள் கேட்பது இதைத்தான். முதல்முறை போகிறவர்களும் இதையே கேட்கலாம்.

என் ஓட்டு சோற்றுக்கு. ‘அரோஸ் ட போல்வு’ பானையோடு மேஜைக்கு வரும். கணவாய் வெந்த தண்ணீரை வீணாக்காமல் அதிலேயே தக்காளியும் வெங்காயமும் சேர்த்து அரிசியை வேகவைப்பார்கள். நிறம் நாவல்பழச் சாறும் செங்காவியும் கலந்த மாதிரி. மூடியைத் திறந்ததும் மேலே தூவிய கொத்தமல்லித் தழை ஆவியில் வாடி மணக்கிறது. அல்கார்வ்காரர்கள் கொத்தமல்லியை நம்மைப் போலவே அள்ளிப் போடுகிறவர்கள். சோறு உதிரியாக இருக்காது, ரசம் தளும்ப இருக்க வேண்டும். இந்தப் பதத்துக்கு ‘மலந்த்ரீன்யு’, அதாவது குறும்புக்காரன் என்று பெயர். ஓரிடத்தில் நிற்காமல் தட்டில் ஓடுவதால் அந்தப் பெயர். பேசிக்கொண்டே ஆறவிட்டால் அரிசி ரசத்தைக் குடித்து இறுகிவிடும். வந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும்.

கணவாய் பிடிக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. காயல் மட்டியைப் பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொத்தமல்லியில் வாயைத் திறக்கவைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். மக்காச்சோள மாவில் மட்டியும் சேர்த்துக் கிளறிய ‘ஷரேய்ன்’ கிடைத்தால் விடாதீர்கள். நம் கூழுக்குப் பங்காளி. சூரை மீனின் முதுகுச் சதையை உப்பிட்டுக் காயவைத்த ‘முஷாமா’வைக் கருவாடு தின்று வளர்ந்தவர்கள் முதல் கடியிலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். மெல்லிய சீவலாக நறுக்கி, ஆலிவ் எண்ணெய் தடவித் தருகிறார்கள். உப்பும் பக்கத்து உப்பளத்தில் விளைந்ததுதான். தாவிராவின் உப்பளங்களில் பூநாரைகள் நிற்பதை ரயிலில் வரும்போதே பார்க்கலாம். 2013இல் யுனெஸ்கோ மத்தியதரைக்கடல் உணவுமுறையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது போர்ச்சுகலின் சார்பில் நின்ற ஊர் தாவிராதான்.

குடிப்பதற்கு, கண்ணாடிக் குவளையில் சின்னதாக ஒரு பீர் வேண்டுமென்றால் ‘இம்பெரியால்’ என்று கேட்க வேண்டும். வடக்கே போர்ட்டோவில் அதற்கே ‘ஃபீனு’ என்று பெயர். கணவாய்ச் சோற்றுக்குக் குளிர்ந்த வெள்ளை ஒயின் பொருந்தும். ‘மெத்ரோன்யு’ மலைக்காட்டுச் சிவப்புப் பழத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய சாராயம், தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கும். குடிக்காதவர்களுக்கு ‘பிக்கா’ போதும். சுண்டக் காய்ச்சியதுபோல் ஒரு மடக்குக் காபி. கூடவே வாதுமையும் முட்டை மஞ்சள்கரு இழைகளும் சேர்ந்த ‘தோன் ரொத்ரீகு’ மினுமினுக்கும் தாளில் பொதிந்து வரும். பயங்கர இனிப்பு. இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

சாப்பிட்ட உடம்பைக் கொஞ்சம் நடத்த, மேற்கே ஒரு கிலோமீட்டர் போனால் காயலைக் கடக்க ஒரு பாலம் இருக்கிறது. அதைத் தாண்டினால் சதுப்பின் ஊடே ஒரு சின்ன ரயில் ‘பரில்’ கடற்கரைக்குப் போகிறது. அங்கே மணல்மேட்டில் துருப்பிடித்த நங்கூரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. சூரை மீன் கூட்டங்களை மறித்துப் பிடிக்கும் பெரிய வலைகளை நிறுத்தி வைத்த நங்கூரங்கள் அவை. மீன் வரத்துக் குறைந்து 1960களில் அந்தத் தொழிலே நின்றுபோனது. தொழிலாளர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்த வரிசை வீடுகளில் இப்போது காபிக்கடைகளும் உணவகங்களும் நடக்கின்றன. அங்கே காபி குடிக்கும்போது எனக்குச் சாண்டா லூசியாவின் பானைகள்தான் நினைவுக்கு வந்தன. பேய்க்கணவாயின் ஆயுள் ஒன்று, இரண்டு வருஷம்தான். முட்டை பொரிந்ததும் தாய் செத்துப்போகும். அதனால் ஒரு வருஷம் அள்ளிக் கொடுக்கும் கடல் அடுத்த வருஷம் கையை விரிக்கும். 750 கிராமுக்குக் குறைந்ததைக் கடலில் விட்டுவிட வேண்டும் என்று நாட்டில் சட்டம் இருக்கிறது. உணவகத்தில் குட்டிக் கணவாய் தட்டுக்கு வந்தால் எங்கே பிடித்தது என்று கேட்பது நம் கடமை.

மாலையில் ஊருக்குத் திரும்பும்போது காய்ந்த கணவாயைத் தேடுங்கள். கைகளை விரித்துக் கொடியில் துணிபோலத் தொங்கவிட்டு, வெயிலிலும் உப்புக்காற்றிலும் உலர்த்துவார்கள். அதைக் கரிநெருப்பில் வாட்டி, மெல்லிய துண்டுகளாக நறுக்கித் தருவார்கள். சட்டென்று விழுங்க முடியாது. கன்னத்தில் அடக்கி மென்றுகொண்டே இருந்தால் முதலில் புகை, பிறகு உப்பு, கடைசியில் மெல்லிய ஓர் இனிப்பு வரும். அந்த இனிப்பு வரும்வரை படகுத்துறைத் திண்டில் உட்கார்ந்திருந்தேன். காயலில் நீர் ஏறத் தொடங்கியிருந்தது.