புதுத் துப்பாக்கியும் பழைய வேட்டியும்

காரைக்காலில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பெயின்ட் அடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, ஓரமெல்லாம் செம்பட்டையாக உரிந்து நிற்கும். சைக்கிள் செயின், கேட் கொண்டி, பீரோவின் கால் என்று எதையும் கடற்காற்று விட்டு வைப்பதில்லை.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பி.காம். மாணவன் துப்பாக்கி வாங்கினான்!

பயப்பட வேண்டாம், காற்றுத் துப்பாக்கிதான். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையைச் சுடுவது. 2008ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அந்த வகை. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012ல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019ல் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் இதே பத்து மீட்டரில்தான். 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித் வந்த பிறகு, ரைபிள் கிளப் என்ற வார்த்தை டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

அவனுக்கு ஆசை வந்தது என்.சி.சி. முகாமில். குப்புறப் படுத்து .22 ரைபிளில் ஐந்து குண்டு சுட்டான். ஐந்தும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் விழுந்தன. "தம்பி, உனக்குக் கை நிக்குது" என்றார் ஹவில்தார் சார். அந்த ஒரு வார்த்தை போதாதா?

அம்மா இரண்டு வருஷமாகக் கட்டிய சீட்டு, அப்பா கடலுக்குப் போய்ச் சேர்த்த காசு, அவன் டியூஷன் எடுத்த காசு. எல்லாம் சேர்ந்து ஒரு துப்பாக்கி, ஒரு பெட்டி, ஒரு டப்பா ஈயக் குண்டு. கடைக்காரர் துடைக்கிற சாமான்களுக்கு ஒரு தனிப் பட்டியல் நீட்டினார். கம்பி, பித்தளை பிரஷ், மூன்று வகை எண்ணெய், ஒரு ஸ்ப்ரே... அவன் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் அடித்துவிட்டான். காசு தீர்ந்திருந்தது. "இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார்."

பி.காம். படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். சொத்தை வாங்கி, இயங்கும் நிலைக்குக் கொண்டுவரும் வரை ஆகும் செலவு முதலினச் செலவு. அதற்குப் பிறகு அதை அதே நிலையில் வைத்திருக்க ஆகும் செலவு வருவாயினச் செலவு. இரண்டு மார்க் கேள்வி. பரீட்சையில் அவன் சரியாக எழுதியவன்தான். வீட்டில்தான் மறந்துவிட்டான்.

அக்டோபர் கடைசி. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரம். வெளியூரில் ஒரு ஏ.சி. ஹாலில் பயிற்சி முடித்து, துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, மழையோடு பஸ் ஏறி ஊர் வந்தான். மறுநாளிலிருந்து கல்லூரியில் இன்டர்னல் பரீட்சை. பெட்டியைத் திறந்தது நான்காம் நாள்தான்.

குழாயின் மேல் மிளகாய்த்தூள் தூவியது போலச் சின்னச் சின்னச் செம்புள்ளிகள். இடது கை பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இரும்பில் ஒரு வட்டம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். அவனுடைய கைரேகை! கோடு கோடாகத் துருவில் பதிந்திருந்தது.

என்ன நடந்தது என்பது பெரிய ரகசியம் இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டிலின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்குமே, அதேதான். ஏ.சி.யில் குளிர்ந்த இரும்பு வெளியே வந்ததும் ஈரக் காற்று அதன் மேல் நீராகப் படிந்தது. பெட்டிக்குள் இருந்த ஸ்பாஞ்ச் அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டது. கை வியர்வையில் உப்பு இருந்தது. இரும்பு, காற்று, தண்ணீர் மூன்றும் சேர்ந்தாலே துரு பிடிக்கும். உப்பு சேர்ந்தால் அது ஓட ஆரம்பித்துவிடும்.

அவன் முதலில் அடுக்களைக்கு ஓடித் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தான். அம்மா, "தலைக்கு வைக்கிறதை எதுக்குடா எடுத்துட்டுப் போறே?" என்று கேட்க, திண்ணையில் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். துப்பாக்கியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் துருவைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை.

"கடல்லேர்ந்து வந்த இன்ஜினுக்கு மொதல்ல எண்ணெயா போடுறோம்? நல்ல தண்ணிதானே குடுக்குறோம். உப்பு போனாத்தாண்டா எண்ணெய் நிக்கும். உப்பு மேல எண்ணெய் தடவுனா, உப்பப் பூட்டி வச்ச மாரிதான்."

ஃபைபர் படகு வைத்திருக்கும் எவரும் இதைத்தான் சொல்வார்கள். கடலுக்குப் போய் வந்த அவுட்போர்டு இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டு உப்பை வெளியேற்றிய பிறகுதான் மற்ற வேலை. உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. விஷயம் அவ்வளவுதான்.

துப்பாக்கிக்குத் தண்ணீரா? அவன் நம்பவில்லை. அடுத்த பரேடில் ஹவில்தார் சாரிடம் கேட்டான். அவர் சிரித்துவிட்டு .303 ரைபிள் கதையைச் சொன்னார்.

மேற்கு வங்காளத்தில் இச்சாபூர் தொழிற்சாலையிலும் செய்யப்பட்ட ரைபிள் அது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 ஜனவரியில்தான் அதற்கு விடை கொடுத்தது. அதன் கட்டையின் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும். திறந்தால் உள்ளே ஒரு எண்ணெய்க் குப்பி, நுனியில் பித்தளை எடை கட்டிய ஒரு கயிறு. கயிற்றுக்குப் பெயர் புல்த்ரூ. எடையைப் பின்பக்கமாகக் குழாய்க்குள் விட்டு, கயிற்றில் 4க்கு 2 அங்குலத் துணி ஒன்றைக் கோத்து, முன்பக்கமாக இழுப்பார்கள். அந்தத் துணிக்கு நம் என்.சி.சி.யில் இன்றைக்கும் சிந்தி என்றுதான் பெயர். துடைக்கிற சாமானைத் துப்பாக்கிக்குள்ளேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

அந்தக் காலத் தோட்டாவின் தீப்பொறி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகிக் குழாய்க்குள் படியும். நாம் சாப்பிடும் உப்பின் பங்காளி. காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளுக்குள்ளேயே குழாயை அரிக்கும். எண்ணெயால் அது போகாது. அதனால் சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றினார்கள். உப்பு கரைந்து ஓடிவிடும், சூட்டில் இரும்பு தானே காய்ந்துவிடும். பிறகு துணி, அதற்குப் பிறகு எண்ணெய். படகுக்காரர் சொன்னதும் பட்டாளத்துக்காரர் செய்ததும் ஒன்றுதான்!

இதைப் படித்துவிட்டு யாரும் காற்றுத் துப்பாக்கிக்குள் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அதில் வெடிமருந்து இல்லை, உள்ளே உப்பும் படிவதில்லை. நம் ஊரில் அதற்கு ஆபத்து வெளியிலிருந்துதான். நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் வெளி இரும்பை மட்டும் துடைக்க வேண்டும். உடனே காய்ந்த துணியால் இன்னொரு தரம். பிறகு தையல் மிஷினுக்கு விடுவது போன்ற மெல்லிய எண்ணெயைத் துணியில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரில் உறையும், நாளானால் பிசுபிசுக்கும். டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே 1953ல் ஈரத்தை விரட்டுவதற்கென்றே உருவானது. ஈரத்தை விரட்டும், ஆனால் மாதக்கணக்கில் காவல் இருக்காது.

குழாய்க்குள் எண்ணெய் ஊற்றவே கூடாது. போட்டித் துப்பாக்கியின் சிலிண்டரில் காற்று 200 பார் வரை அடைத்திருக்கும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். விசைப்படகின் டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடாகும் காற்றே எண்ணெயைப் பற்ற வைக்கிறது. காற்றுத் துப்பாக்கிக்குள் கண்ட எண்ணெயை விட்டால் அதே விபரீதம் நடக்கலாம். வால்வுக்கும் சீலுக்கும் தயாரிப்பாளர் சொன்னதைத் தவிர வேறு எதுவும் கூடாது. சிலிண்டருக்கு ஆயுள் தேதி உண்டு, பொதுவாகப் பத்து வருஷம். தாண்டினால் போட்டியில் விடமாட்டார்கள்.

அப்படியானால் குழாயை எப்படித் துடைப்பது? ஃபெல்ட் எனப்படும் கம்பளித் துணுக்கை நூலில் கோத்து, குண்டு போகிற திசையிலேயே இழுத்தால் போதும். அதுவும் தினமும் இல்லை. முன்பக்கம் வழியாக இரும்புக் கம்பியை நுழைத்தால் குழாயின் வாய் கீறிவிடும். உள்ளே இருக்கும் சுருள் வரிகளும் கெடும். அந்த வரிகளால்தான் ரைபிள் என்ற பெயரே வந்தது. பத்து மீட்டரில் பத்து மார்க்குக்கான புள்ளி அரை மில்லிமீட்டர்தான், பென்சில் முனை அளவு. வாய் கீறிய குழாய் அங்கே போகாது.

ஆக, கடைக்காரர் நீட்டிய பட்டியலில் அவனுக்கு உண்மையில் தேவைப்பட்டது மிகக் கொஞ்சம். ஃபெல்ட் ஒரு பொட்டலம், நூல், மெல்லிய எண்ணெய் ஒரு குப்பி, பெட்டிக்குள் போட சிலிக்கா ஜெல். செருப்பு டப்பாவில் வருகிற அதே குருணைதான். நீல நிறக் குருணை ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், மாற்ற வேண்டியதுதான். குழாய்க்குள் குண்டு இல்லை என்று காட்டுவதற்கு ஒரு ஆரஞ்சு நிறச் சேஃப்டி கொடி. பழைய பல் தேய்க்கும் பிரஷ். மற்றதெல்லாம் துணி.

அதைவிட முக்கியம் பழக்கம். ஏ.சி. ஹாலிலிருந்து வந்தால் வீட்டில் பெட்டியைத் திறந்து வைத்து, துப்பாக்கி அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து துடைக்க வேண்டும். சுட்ட அன்றே துடைக்க வேண்டும், பரீட்சை இருந்தாலும். ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். வாங்கிய பில்லும் பத்திரமாக இருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஆட்சி 1954 நவம்பரோடு போயிற்று. இப்போது காரைக்காலுக்கும் 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டமும் 2016ஆம் வருஷ விதிகளும்தான்.

தேய்மானத்துக்குக் கணக்குப் பாடத்தில் இரண்டு முறை சொல்லித் தருவார்கள். நிலைத்த தவணை முறை ஒன்று, குறைந்து செல் இருப்பு முறை ஒன்று. இரண்டிலும் சொத்து வருஷம் வருஷமாக மரியாதையாகத் தேயும். கடலோரத்துத் துருவுக்கு அந்த மரியாதை கிடையாது. இரண்டு வருஷச் சீட்டை நான்கு நாளில் தொட்டுவிட்டது. அன்றைக்கு அப்பா வாய் திறக்காமல் இருந்திருந்தால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாத நஷ்டமாகப் போயிருக்கும்.

புள்ளிகள் பெரும்பாலும் போய்விட்டன. கைரேகை மட்டும் மங்கலாக இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அந்த இடத்தில் அவன் கை ஒரு நொடி நிற்கும்.

அப்பாவின் பழைய வேட்டி ஒன்று 4க்கு 2 அங்குலத் துண்டுகளாகக் கிழிபட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. மழைக்காலம் முடிவதற்குள் பாதி தீர்ந்துவிட்டது. அப்பா இப்போதெல்லாம் மற்ற வேட்டிகளைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே மடித்து வைக்கிறார்.