நத்தாரும் வாங்கும்

நத்தார், வாங்கு என்னும் இரு சொற்களையும் யாழ்ப்பாணத் தமிழுக்குத் தந்தவர் போர்த்துக்கேயர். வாங்கில் யார் அமரலாம், யார் தரையில் இருக்க வேண்டும் என வகுத்தவர்களோ நாங்களே.

மார்கழி பிறந்ததும் எங்கள் ஊர்க் கோயிலில் பாலன் குடில் வேலை தொடங்கிவிடும். பனையோலையும் வைக்கோலும் சுமந்து வந்து கூரை வேய்பவர்கள் தாழ்த்தப்பட்ட மக்கள். நடுச்சாமப் பூசையில் அவர்கள் பின்புறத் தரையில் இருப்பர். முன்வாங்குகளில் அமர்ந்து, தொழுவத்திற் பிறந்தவரை நாங்கள் உரத்துப் பாடித் துதிப்போம். முதற்செய்தி இடையருக்கே அறிவிக்கப்பட்டது என்ற வாசகத்தை ஆண்டுதோறும் கேட்டோம். எழுந்து இடங்கொடுத்தவர் எங்களுள் எவருமில்லை. வழிபாட்டிடங்களிற் சாதியின் பேரால் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. வழக்கம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமமே ஓரிரவிற் பெயர்ந்தது. அவ்வாண்டு நத்தார் எங்களுக்குத் தென்மராட்சியில் ஓர் ஓலைக் கொட்டிலில் வந்தது. அங்கே வாங்குகள் இல்லை. கூரை ஒழுகியது. நனையாத பாய்கள் சிலவற்றில் அனைவரும் நெருங்கி இருந்தோம்.

"குடில் எங்கே, அம்மா?" என்றான் ஒரு சிறுவன்.

"நாங்கள் இருக்கிறது பின்னை என்ன?" என்றாள் தாய்.

மறு ஆண்டு ஊர் திரும்பினோம். கோயிலைத் துப்புரவாக்கினோம், எஞ்சிய வாங்குகளைத் தூக்கி நிறுத்தினோம். பூசைக்கு மணி அடித்தது. முன்போலவே முன்னே சென்று அமர்ந்தோம். அந்தத் தாயும் மகனும் முன்போலவே பின்னே தரையில் இருந்தனர்.

எறிகணைகள் கூரையை உடைத்தன. எங்கள் வழக்கத்தை உடைக்கவில்லை. அதனை உடைக்க வேண்டியவர்களும் நாங்களே.