கிழிந்த உறையும் காலமறிதலும்

காடும் மேடும் கடந்து செல்லும் வண்டிகளுள், முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குமாறு அமைந்தவற்றின் அடியிற் குனிந்து நோக்குவார்க்கு, ஆக்சில் தண்டின் முனைகளில் மடிப்பு மடிப்பாய் அமைந்த கரிய உறைகள் தோன்றும். பட்டறையார் இவற்றை 'ஆக்சில் பூட்' என்பர். ஒவ்வோர் உறையினுள்ளும் ஒரு மூட்டு உளது. சக்கரம் திரும்பினும், ஏறினும், இறங்கினும் சுழற்சியை ஒரே சீராகச் செலுத்துவது அம்மூட்டே. 1920-களில் ஆல்பிரட் ஸெப்பா என்பார் வகுத்த முறையைத் தழுவிய வெளிமூட்டில், பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளும். அவற்றிற்கு வேண்டிய கிரீஸை உள்ளே நிறுத்துவதும், மண்ணையும் நீரையும் புறத்தே தடுப்பதும் உறையின் தொழில்.

இவ்வுறை கிழிந்தால் எப்பொழுது பழுதுபார்ப்பது என்னும் வினா எமக்கு வண்டியடியிலேயே எழுந்தது. சனிக்கிழமைதோறும் மலையூர்களுக்கு மருந்து கொண்டுசெல்லும் வண்டியொன்றை யாம் மேற்பார்த்து வருகிறோம். சென்ற ஐப்பசியில் ஒரு வியாழனன்று, அதன் வலப்புற முன்சக்கரத்தின் உட்பக்கத்தில் கிரீஸ் தெறித்திருக்கக் கண்டோம். "சத்தம் ஒன்றும் இல்லை, ஐயா, சனிக்கிழமை போய் வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்றார் ஓட்டுநர். அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. வண்டி நின்றால், நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எதிர்நோக்கும் முதியோர் வெறுங்கையராய்த் திரும்புவர். ஆயின், அப்பாதையில் இருமுறை ஓடை குறுக்கிடும். கிழிசல் வழியே நீரும் மணலும் புகுந்து, நாளடைவில் மூட்டு தேய்ந்து முறியுமாயின், வண்டி மலைநடுவே நிற்கும். அதனுள் நோயாளர் இருத்தலும் கூடும்.

இத்தகைய ஐயத்தைத் தீர்ப்பதற்கு மூன்று நிலைகளைப் பகுத்தறிதல் வேண்டும். மடிப்புகளில் வெடிப்பு மட்டும் தோன்றிக் கிரீஸ் கசியாதிருப்பது முதல் நிலை. அடுத்த பராமரிப்புவரை பொறுக்கலாம். ஒவ்வொரு பயணத்திற்கு முன்னும் நோக்கிக்கொள்ளுதல் கடன். உறை கிழிந்தும் மூட்டு ஓசையின்றி இயங்குவது இரண்டாம் நிலை. உடனே கழற்றிக் கழுவி, தேய்வு உண்டோவென ஆராய்ந்து, புதுக் கிரீஸும் உறையும் இடின் சிறு செலவில் முடியும். வண்டியை முழுதும் ஒடித்துத் திருப்புங்கால் 'டக் டக்' என்னும் ஒலி கேட்பது மூன்றாம் நிலை. தேய்ந்த மூட்டிற்குப் புதிய உறை இடுவது பணத்தை வீணாக்குவதாகும். மூட்டையோ தண்டையோ மாற்றுதலே தக்கது.

இதனால் ஓர் உண்மை பெறப்படும். ஒலியில்லையென்று பலர் நாளைக் கடத்துவர். ஒலியில்லாத அக்காலமே சிறு செலவில் தப்புதற்குரிய காலம். ஒலி எழுந்தபின் உறையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இடமில்லை.

யாம் எஞ்சியிருந்த கிரீஸைச் சிறிது எடுத்து விரல்களிடையே தேய்த்துப் பார்த்தோம். மணல் நெருடவில்லை. வண்டியை இருபுறமும் ஒடித்து மெல்லச் செலுத்தியும் ஒலி கேட்கவில்லை. இரண்டாம் நிலையெனத் துணிந்து, அன்று மாலையே பட்டறைக்கு அனுப்பினோம். வெள்ளி பிற்பகலில் உறை மாறி, கிளாம்புகள் இறுகி, வண்டி திரும்பிற்று. மறுநாள் மருந்தும் மலையேறிற்று.

பிறர் நலம் ஏறிச்செல்லும் வண்டிக்கு, உடைமையாளரின் வசதியை அளவுகோலாக்குதல் தகாது. அடுத்து அது கடக்கவேண்டிய ஓடையை எண்ணியே நாள் குறித்தல் வேண்டும்.